உன் பாத்தி காயவில்லை, அக்கா

அக்கா,

இன்று காலை ஏரிக்கரைப் பக்கமிருந்து சருகு எரிகிற வாசனை வந்தது. வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் கலந்து எரிகிற அந்தக் காரப் புகை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். 'வந்துட்டா மகராசி, மறுபடியும் கொளுத்திட்டா' என்று வாய் அதன்பாட்டுக்குத் திட்டிக்கொண்டே வந்தது. தோட்டத்துப் படலைத் தள்ளும்போதுதான் உறைத்தது, நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது என்று. பக்கத்துத் தெருவில் யாரோ கொசுவுக்குப் புகை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். படலைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். பால் கறக்கப் போன ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

உன்னைத் திட்டாமல் எனக்குப் பொழுது விடிந்த நாட்கள் குறைவு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. நீ மட்டும் சும்மா இருந்தவளா? நான் தோட்டக்கலைப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து, எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு தெருவே கேட்கிற மாதிரி என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டவள்தானே நீ. "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு இன்னா பாடம்? வெண்டிக்கா வெத ஊனறதா? அத்த நான் எங்கம்மா வயித்துல இருக்கசொல்லவே கத்துக்கினேன்" என்பாய். ஆனால் நான் எடுக்கிற சனிக்கிழமை வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, புங்கமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, "ம், சொல்லு" என்று வெற்றிலையை மடிப்பதும் நீதான்.

தண்ணீர்த் தொட்டிக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் கிடந்த அந்தப் புறம்போக்கை நினைத்துப் பார். வேலிக்காத்தான் முள், உடைந்த பாட்டில், பிளாஸ்டிக் பை, நாய். நம் காலனித் தெருப் பெண்கள் குழு சேர்ந்து அந்த இடத்தைத் தோட்டம் போடக் கேட்டபோது பஞ்சாயத்துத் தலைவர் ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார். ஊர்த்தெருக்காரர். கெட்ட மனிதர் இல்லை, நல்லவர் என்று சொல்லவும் எனக்கு அப்போது வாய் வரவில்லை. "ஒரு வருசம் வெச்சிக்குங்கம்மா. அடுத்த சித்திரையில வந்து பாப்பேன். பச்சையா இருந்தா உங்குளுது. காஞ்சி கெடந்துச்சின்னா குப்பை பிரிக்கிற ஷெட்டு அங்கதான் வரும், அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

மற்றவர்களுக்கு அது ஒரு தோட்டம். உனக்கு அது வேறு. காவாந்தண்டலத்திலிருந்து சாலவாக்கம் வரைக்கும் உன் கை நாற்று நடாத கழனி கிடையாது. ஆனால் ஒரு மிளகாய்ச் செடி ஊன்ற உனக்கென்று மண் இருந்ததில்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முன்னால் வாசல் தெளிக்க மட்டும்தான் இடம். கயிறு பிடித்து ஆளுக்கொரு பாத்தி பிரித்த அன்றைக்கு, உன் பாத்திக்குள் போய் நின்றுகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றாய். கரை ஓரத்துப் பாத்தி அது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைக் கேட்டாய்: "செல்வி, இத்து என்துதான? நாளைக்கு எவனும் வந்து ஏந்திரின்னு சொல்ல மாட்டான்ல?"

சித்திரை வரைக்கும் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

முதல் கத்திரிக்காய் பறித்ததும் நீ அதைக் குழம்பு வைக்கவில்லை. மடியில் கட்டிக்கொண்டு தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாய். வழியில் பார்த்த எல்லோரிடமும் ஒரே வசனம். "வாங்கல. நானே போட்டது." உன் மருமகள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். அப்படி வதங்கிப் போன கத்திரிக்காயைக் கடைசியில் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாயே, அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இதுவரை வேறு ஒரு முகத்தில் பார்க்கவில்லை.

இதெல்லாம் சரி. அந்தத் துடைப்பத்தை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

மாசி பிறந்ததும் வெயில் ஏறிவிட்டது. தொட்டியில் வழிகிற தண்ணீர் நின்றது. அடிபம்பு நாலு குடத்துக்கு மேல் இழுத்தால் இருமியது. அந்தச் சனிக்கிழமை நான் நடத்திய பாடம் மூடாக்கு. மண்ணை வெறுமனே விட்டால் வெயில் ஈரத்தைக் குடித்துவிடும். சருகையும் வைக்கோலையும் செடியைச் சுற்றிப் போர்த்திவிட்டால் ஊற்றின தண்ணீர் உள்ளேயே கிடக்கும், சருகும் மக்கி எருவாகிவிடும். தொண்டை வற்றச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சருகு கூட்டி அள்ளிப் பாத்தி பாத்தியாகப் பரப்பினோம். நீயும்தான் அள்ளினாய்.

மறுநாள் விடிந்து வந்து பார்க்கிறேன், தோட்டம் மொட்டை! பாத்தி, வரப்பு, செடியின் அடி, ஒன்று பாக்கியில்லாமல் துடைப்பக் கோடு. மூலையில் சருகெல்லாம் குவித்துக் கொளுத்தி, புகை தொட்டி உயரத்துக்குப் போகிறது. படலுக்கு முன்னால் தண்ணீர் தெளித்து ஒரு கோலம் வேறு. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாய், ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் பண்ணிவிட்ட மாதிரி.

"இது வாசல் இல்லக்கா, தோட்டம்! நேத்து முழுக்க இன்னா கத்துனேன் நான்?" என்று கத்தினேன்.

"கத்துனதெல்லாம் கேட்டேன். அதுக்குன்னு இப்டியா, கல்யாண வூட்டு எச்சி எல மாரி சருகு கெடக்கறது? அசிங்கமா கீது."

மறுபடி பரப்பினோம். மறுபடி பெருக்கினாய். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையைச் சுத்தம் பண்ணச் சொன்னால் புல்லின் வேர்கூட மிஞ்சாமல் செதுக்கி வைப்போமே, அந்தக் கை நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் உன்னிடம் இருந்தது வெறும் பழக்கம் இல்லை என்று மூன்றாம் தடவை சண்டையில்தான் தெரிந்தது. துடைப்பத்தைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டேன். நீ அழுதுவிட்டாய். நீ அழுது நான் பார்த்ததில்லை.

"தலைவரு வருவாரு. கூட நாலு பேரு வருவான். இத்த பாத்து இன்னா சொல்வான்? 'அவங்களுக்கு எடத்த குடுத்தா குப்பைய கொட்டி வெச்சிகிறாங்க பாரு, அவங்க புத்தி அவ்ளோதான்'னு சொல்வான். பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கினு வரேன் செல்வி. என் பாத்திய பாத்து அந்தப் பேச்ச ஒருத்தன் பேசக் கூடாது."

பயிற்சியில் மண்ணைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. மூடாக்கு வேண்டாம் என்றால் செடி சாகும், செடி செத்தால் இடம் போகும். மூடாக்கு போட்டால் உன் மானம் போகும். நாம் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரெதிர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். தெருவுக்கே அது பெரிய பேஜாராகிவிட்டது. உப்பு கேட்கக்கூட ஆள் அனுப்பினாய்.

அப்புறம் ஒரு மத்தியானம். நல்ல வெயில். நீ தோட்டத்தில் நிற்கிறதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். உன் பாத்தியில் கத்திரிச்செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பக்கத்தில் நான் பிடிவாதமாகச் சருகு போட்டுக் காவல் காத்த என் பாத்தி நிமிர்ந்து நின்றது. நீ இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாய். சாயங்காலம் தலையில் ஒரு வைக்கோல் கட்டோடு வந்து தொப்பென்று போட்டாய்.

"போடறதுன்னா ஒழுங்கா போடணும். வாரி எறைக்கக் கூடாது. குந்து, காட்டறேன்."

வைக்கோலை அறுத்து, ஒரே நீளமாக, ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கினாய். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி. ஓரத்துக்குத் தேங்காய் மட்டையைக் குத்தி வரிசை கட்டி, வரப்புக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தாய். நடைபாதையை மட்டும் தினமும் பெருக்கலாம், பெருக்கின சருகு பாத்திக்குள்தான் போக வேண்டும் என்று நமக்குள் ஒப்பந்தம் ஆனது. ஒரு வாரத்தில் எல்லாப் பாத்தியும் அப்படி ஆகிவிட்டது. பார்க்கிறவன் குப்பை என்று சொல்ல முடியாது. யாரோ அக்கறையாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வான். இப்போது நான் எந்த ஊரில் வகுப்பு எடுத்தாலும் மூடாக்கை அப்படித்தான் போடச் சொல்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் எங்கள் தெரு வழக்கம் என்கிறேன். உன் பெயரைச் சொன்னால் நீ கேட்டுத் தொலைப்பாய், அப்புறம் உன்னைப் பிடிக்க முடியாது.

பங்குனியில் காய் அள்ளிக்கொண்டு வந்தது. மழைக்காலத்தில் கழனி வேலை நிற்கிற நாட்களுக்கு ஆகுமே என்று கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் போடப் பாடம் நடத்தினேன். அதில் மட்டும் நீ தேறவே இல்லை, ஒத்துக்கொள். அளவுக் கிண்ணத்தைக் காட்டினால், "கிண்ணம் எதுக்கு, கை கீதுல்ல" என்று உப்பை அள்ளிக் கொட்டுவாய்.

"அக்கா, இத்த யாரு துன்றது?"

"நீதான சொன்ன, உப்பு இருந்தா கெடாதுன்னு?"

"கெடாதுதான். ஒருத்தனும் வாய்ல வைக்க மாட்டான், எப்டி கெடும்?"

அந்த மோர்மிளகாயை உன் வீட்டுக்காரர் கஞ்சிக்குக் கடித்துவிட்டு, அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்ப் பானையை விட்டு நகரவில்லை என்று நீயே வந்து சொல்லிச் சிரித்தாய். ஆனால் அடைமழையில் தெருவே முடங்கிக் கிடந்தபோது, கடையில் கடன் சொல்லாமல் எல்லார் வீட்டிலும் வற்றல் குழம்பு மணந்தது. அதில் உன் உப்பும் இருந்தது.

மழைக்கு முன்னால் சித்திரை வந்ததே, அதைச் சொல்லாமல் போகிறேன் பார்.

தலைவர் நாலு பேரோடு வந்தார். வண்டியைப் படலுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார். கத்திரி, வெண்டை, தண்டுக்கீரை, எல்லாம் பச்சை. ஆனாலும் அவர் கண் வைக்கோலில்தான் போய் நின்றது. "இன்னாமா இது, வைக்கோல போட்டு வெச்சிகிறீங்க? மாடு கட்டப் போறீங்களா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் பாடத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். நீ என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாய்.

"செருப்ப கழட்டிட்டு உள்ள காலு வெச்சிப் பாருங்க தலைவரே."

மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊர்த்தெருவைக் கடக்கும்போது உன் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தத் தெரு வீட்டுக்காரரிடம் நீ செருப்பைக் கழற்றச் சொல்கிறாய். அவருக்கும் அது உறைக்காமல் இருந்திருக்காது. கொஞ்ச நேரம் உன் முகத்தையே பார்த்தார். நீ கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். சுடுகிற மண்ணில் இரண்டு எட்டு துள்ளி வைத்து, உன் பாத்திக்குள் வைக்கோல் மேல் நின்றார்.

"அட, ஜில்லுனு கீதே!"

"கைய வுட்டுப் பாருங்க. நேத்து ஊத்துன தண்ணி. இன்னிக்கு ஊத்தல."

கையை விட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டின ஈரமண்ணைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஷெட்ட வேற எடத்துல பாப்போம்" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வண்டிச் சத்தம் போனதும் உன்னைப் பிடித்து உலுக்கினேன். தெரிந்துதான் சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று கேட்டேன்.

"இன்னா தெரிஞ்சி? மண்ணு ஈரம் செருப்புக்கா தெரியும்? காலுக்குத்தான தெரியும்" என்றாய், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாய் பார், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

இடம் நமக்கென்று ஆனதும் நீ சட்டம் பேச ஆரம்பித்தாய். பாத்தியைக் காயவிடுகிறவளிடமிருந்து அதைப் பிடுங்கி அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று குழுவில் ஒரு விதி போட வைத்தாய். ஊருக்கு வெளியே, இருளர் குடியிருப்பிலிருந்து கன்னியம்மா வந்து வேலியோரம் நின்று ஒரு பாத்தி கேட்டபோது, முடியாது என்று முதலில் சொன்னதும் நீதான். "அவங்க இன்னிக்கு இங்க இருப்பாங்க, நாளைக்கு மரம் வெட்ட எங்கியானா போய்டுவாங்க. காஞ்சி பூடும். அசிங்கமாப் பூடும்." கன்னியம்மா அடுத்த சனிக்கிழமையும் வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். நீ அவளைப் பார்க்காத மாதிரி வெற்றிலை மடித்தாய். ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், எனக்குத் தெரியும்.

சர்க்கரையில் உன் கால் புண் ஆறாமல் போய், குந்தி உட்கார முடியாமல் ஆனபோது, வகுப்புக்கு உன்னை நாற்காலியில் உட்காரவைத்தோம். ஒரு சனிக்கிழமை பாடத்துக்கு நடுவில் வேலிப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாய். "ஏய், கன்னீமா. வெளிய இன்னாத்துக்குக் குந்திகினு கீற? உள்ள வா. இத்த இனிமே நீ பாத்துக்கோ."

உன் பாத்தியைக் கையால் காட்டினாய். குழுவில் சலசலப்பு. உன் மருமகளுக்குத்தானே வர வேண்டும் என்றாள் ஒருத்தி. இவர்களுக்குக் கொடுத்தால் நிலைக்குமா என்றாள் இன்னொருத்தி. நீ கையை உயர்த்தினாய்.

"என் பாத்தி. நான் யாருக்கு வோணா குடுப்பேன். இத்தினி வருசமா குடுக்கறதுக்கு எங்கிட்ட இன்னா இருந்துச்சி? இப்ப கீது. குடுக்கறேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாய்: "அவ என்னை மாரி பெருக்கமாட்டா டீச்சரம்மா. உனுக்குத் தொல்லை வுட்டுது."

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் நீ போய்விட்டாய். தெருவே அழுதது. நானும் அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உன்னை நினைக்கும்போது எனக்கு அழுகையைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அதற்காக என்னைத் தப்பாக நினைக்காதே.

இந்தக் கோடையில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். முன்பணம் கொடுத்தவர்கள் கன்னியம்மா குடும்பத்தைச் சவுக்கு மரம் வெட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று அவளுக்கே தெரியாது. பாத்தியில் மிளகாய் பூ விட்டிருந்தது. கூட்டத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா போட்ட ரூலுதான செல்வி, காஞ்சா மாத்தணும்ல?" என்றார்கள். நான் வாதாடவில்லை. உன் விதியை எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. விதி என்ன சொல்கிறது? காய்ந்தால்தானே மாற்ற வேண்டும்? அன்றைக்கு மறுநாளிலிருந்து, நாஷ்டா பண்ணுவதற்கு முன்னால், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று இரண்டு குடம் அந்தப் பாத்திக்குச் சுமந்தேன். ஒருத்தியும் என்னைக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில், உன் மருமகளும் ஒரு குடத்தோடு வந்து நின்றாள்.

நேற்று சாயங்காலம் கன்னியம்மா வந்தாள். உடம்பெல்லாம் மரத்தூள், கால் வெடித்திருந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, பாத்திக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். மிளகாய் சிவந்து கிடந்தது. குனிந்து சருகை விலக்கி மண்ணைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

"இத்து இன்னும் எனுக்குத்தானாக்கா?" என்றாள்.

"உனுக்குத்தான். ஒருத்தரும் ஏந்திரின்னு சொல்ல மாட்டாங்க" என்றேன்.

இந்தத் தடவை, சித்திரை வரைக்கும் என்று நான் சேர்க்கவில்லை, அக்கா.